ஆங்கிலத் துப்பாக்கி என்று வந்தது: நான்கு இரட்டைக்குழல்களின் பூர்வீகம் தேடிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில், சிரக்யூஸ் நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில், சின்ன வட்டார அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. சம்பளம் வாங்குகிறவர் காப்பாளர் ஒருவர்தான். மற்றவர்கள் சனிக்கிழமை வந்துபோகும் தன்னார்வலர்கள். நானும் அதில் ஒருவன். தொழிலால் இயந்திரப் பொறியாளன். வேட்டையில் ஆர்வம் கிடையாது. ஒரு பூட்டு எப்படிப் பூட்டுகிறது, ஒரு கீல் எங்கே தேய்கிறது என்று பார்ப்பதில்தான் ஆசை.

ஒரு மார்ச் மாதம், பழைய பண்ணைக் குடும்பம் ஒன்று நான்கு இரட்டைக்குழல் துப்பாக்கிகளோடு வந்தது. கொண்டுவந்தவர் எண்பதைக் கடந்த அம்மையார். மூன்றை அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நான்காவதைத் தன் பேரன் சுட விரும்புகிறான், அது சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லும்படி கேட்டார்.

இந்த வட்டாரத்துக்கு இரட்டைக்குழல் வெறும் பொழுதுபோக்குப் பொருள் இல்லை. ஃபுல்டனில் எல்.சி. ஸ்மித், இத்தாகாவில் இத்தாகா கம்பெனி, சிரக்யூஸில் லெஃபீவர், இலியனில் ரெமிங்டன், 1929-க்குப் பிறகு யூட்டிக்காவில் ஃபாக்ஸ் என்று, இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் அமெரிக்க இரட்டைக்குழல் வரலாற்றின் பெரும்பகுதி அடங்கிவிடும். அதனால் இலையுதிர் காலத்தில் ஒரு சிறு கண்காட்சி வைக்கலாம் என்று காப்பாளர் முடிவு செய்தார். விளக்க அட்டை எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் எழுதிய முதல் அட்டை தவறு. அது எப்படித் தவறானது, எப்படித் திருத்தினோம் என்பதே இந்தப் பதிவு.

மேசையில் இருந்த நான்கு

முதலாவது, குதிரைகள் (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்திகள்) வெளியே தெரியும் 12 போர். (ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டமே 12 போர் குழலின் விட்டம்.) பக்கத்தகட்டில் 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று செதுக்கியிருந்தது. குடும்பத்தில் இதற்கு 'தாத்தாவின் ஆங்கிலத் துப்பாக்கி' என்று பெயர். பர்மிங்ஹாமின் புகழ்பெற்ற வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் செய்தது என்று மூன்று தலைமுறையாக நம்பி வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, கனெக்டிகட்டின் மெரிடன் ஊரில் செய்த பார்க்கர். குதிரைகள் உள்ளே மறைந்தவை. குழல்களில் டமாஸ்கஸ் வரி. மூன்றாவது, ஃபுல்டனில் செய்த எல்.சி. ஸ்மித், அலங்காரம் அதிகமில்லாத சாதாரண ரகம். நான்காவது, ஜெர்மனியின் சூல் நகரத்தில் ஸாவர் நிறுவனம் செய்த 16 போர். கட்டையில் கன்னம் வைக்க மேடு, தோளில் தொங்கவிட வார் வளையங்கள். அம்மையாரின் அண்ணன் 1945-இல் போர் முடிந்து வரும்போது கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் சூல் அமெரிக்கப் படையின் கைக்கு வந்தது. ஜூலையில் அந்தப் பகுதி முழுவதும் சோவியத் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. இடைப்பட்ட மூன்று மாதத்தில் எத்தனையோ சிப்பாய்களின் பைகளில் சூல் துப்பாக்கிகள் கடல் தாண்டின. எனவே இந்தக் கதையை நம்புவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

முதல் அட்டை

நான் போட்ட திட்டம் பார்க்க அழகாக இருந்தது. நடுவில் ஆங்கிலத் துப்பாக்கி தாய். இரு பக்கமும் பார்க்கரும் ஸ்மித்தும் அமெரிக்கப் பிள்ளைகள். ஓரத்தில் ஜெர்மன் ஒன்றுவிட்ட சகோதரன். ஸ்மித்தின் இரு பக்கமும் லாக் தகடுகள் (சுடும் இயந்திரத்தைத் தாங்கும் பக்கத்தகடுகள்) இருக்கின்றன, லண்டனின் விலையுயர்ந்த சைடுலாக் துப்பாக்கிகளிலும் இருக்கின்றன. ஆகவே ஸ்மித் லண்டனைப் பார்த்துச் செய்தது. பார்க்கருக்குப் பக்கத்தகடு கிடையாது. ஆகவே அது பர்மிங்ஹாம் வழி. இவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

பொதுவான வரலாறு எனக்குத் தெரியும் என்ற தைரியமும் இருந்தது. உண்மையில் அந்தப் பகுதி தப்பில்லை. நடுவில் மடிந்து திறக்கும் துப்பாக்கி பாரிஸில் காசிமிர் லெஃபோஷோவிடம் 1830களில் உருவானது. 1851-இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஆங்கிலேயர்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு அவர்கள்தான் அதை இறுக்கிச் செம்மைப்படுத்தினார்கள். 1863-இல் லண்டனின் ஜேம்ஸ் பர்டியின் அடித்தாழ் (குழலைக் கீழிருந்து பிடிக்கும் பூட்டு), 1865-இல் பர்மிங்ஹாமின் கிரீனரின் குறுக்குத் தாழ், அதே ஆண்டில் ஸ்காட்டின் மேல்நெம்புகோல் முளை, 1875-இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸில் வேலை பார்த்த ஆன்சன், டீலி இருவரின் பாக்ஸ்லாக் (சுடும் இயந்திரம் பக்கத்தகட்டில் இல்லாமல் நடு உடலுக்குள்ளேயே அடங்கியது) என்று வரிசையாக வந்தன. கடைசியாகச் சொன்னது பெரிய பாய்ச்சல். குழலைக் கீழே மடிக்கும்போது, அந்தக் குழலின் கனமே நெம்புகோலாகி உள்ளே இருக்கும் குதிரைகளை ஏற்றிவிடும். தனியாக ஒரு விசையைத் தள்ள வேண்டியதில்லை.

இந்த வரிசையை வைத்துக்கொண்டு, மேசையில் இருந்த நான்கையும் திறக்காமலே அட்டை எழுதினேன்.

திறந்து பார்த்த நாள்

பக்கத்து ஊரில் நாற்பது ஆண்டு துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைக் காப்பாளர் அழைத்திருந்தார். ஏப்ரல் முதல் சனிக்கிழமை வந்தார். அட்டையைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. "பெயர் கிடக்கட்டும். குழலைக் கழற்றி அடியைப் பாருங்கள்" என்றார்.

முன்கட்டையை எடுத்து, குழல்களைப் பிரித்து, கவிழ்த்து வைத்தோம். 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' குழல்களின் தட்டையான அடிப்பக்கத்தில் ஒரு நீள்வட்டம், அதற்குள் ஈ.எல்.ஜி என்ற எழுத்துகள், கீழே ஒரு நட்சத்திரம். இது பெல்ஜியத்தின் லியேஜ் சோதனைச் சாலையின் முத்திரை. பர்மிங்ஹாம் முத்திரையோ லண்டன் முத்திரையோ மருந்துக்குக்கூட இல்லை. பிரிட்டனில் விற்கும் ஒவ்வொரு குழலும் அரசு ஏற்ற சோதனைச் சாலையில் அதிக மருந்து போட்டுச் சுட்டு, தாங்கினால் முத்திரை பெற்றாக வேண்டும். அந்த முத்திரை இல்லாமல் ஓர் ஆங்கிலத் துப்பாக்கி கடைக்கு வந்திருக்க முடியாது.

காலத்தையும் கொஞ்சம் நெருக்கிப் பிடிக்க முடிந்தது. நீள்வட்டத்தின் தலையில் கிரீடம் இல்லை. லியேஜ் கிரீடத்தைச் சேர்த்தது 1893-இல். ஆனால் பக்கத்தில் சின்னதாக 'பெல்ஜியம்' என்று நாட்டின் பெயர் குத்தியிருந்தது. அமெரிக்காவுக்குள் வரும் பொருள்களில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி, 1890-இன் மெக்கின்லி சுங்கச் சட்டத்தின்படி 1891 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் சேர்த்தால் 1891-க்கும் 1893-க்கும் இடையில் என்று வரும். நாட்டின் பெயரைப் பிற்பாடு கூடக் குத்தியிருக்கலாம் என்பதால் அட்டையில் '1890களின் தொடக்கம்' என்று மட்டும் எழுதினோம்.

பெயரின் ரகசியம் பெரியவருக்குப் புதிதில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்க மொத்த வியாபாரிகள் லியேஜில் மலிவாகத் துப்பாக்கி செய்ய ஆர்டர் கொடுத்து, ஆங்கிலேயர் பெயர் போல ஒலிக்கும் ஒரு பெயரைச் செதுக்கச் சொல்வார்கள். இரும்புச் சாமான் கடையிலும் தபால் வழி விற்பனையிலும் அது போகும். இங்கிலாந்தில் ரிச்சர்ட்ஸ் என்ற பெயரில் வேறு துப்பாக்கிக் கடைக்காரர்களும் இருந்ததால் பொய் என்று சட்டென்று சொல்லவும் முடியாது. நம் ஊரில் பெரிய கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் பேட்டரி விற்பார்களே, அந்த வித்தைதான்.

கரி பிடித்துப் பார்த்தது

பெயர் பொய் என்றாலும் வடிவமைப்பு ஆங்கில வழிதானே என்று நான் விடாமல் வாதாடினேன். காரணம், இந்தத் துப்பாக்கியில் கிரீனரின் குறுக்குத் தாழ் இருந்தது. இரு குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டை பின்பக்கம் நாக்கு போல நீண்டு, குழல்கள் வந்து உட்காரும் நடு இரும்பு உடலான ஆக்‌ஷனில் உள்ள பள்ளத்தில் உட்காரும். அந்த நாக்கில் ஒரு துளை. மூடியதும் பக்கவாட்டிலிருந்து ஓர் உருண்டை முளை வந்து அந்தத் துளைக்குள் நுழையும். கதவுக்குக் கீழ்த்தாழ்ப்பாள் போட்ட பிறகு மேலேயும் ஒன்று போடுவது போல.

பெரியவர் ஒரு மண்ணெண்ணெய் விளக்கைப் பற்றவைத்து, அந்த முளையின் மேல் கரிப் புகையைப் பிடித்தார். மூடினார், திறந்தார். தாழ் உண்மையிலேயே அழுத்திப் பிடித்தால் கரி அழிந்து இரும்பு பளிச்சென்று தெரியும். முளையில் கரி அப்படியே இருந்தது. சுற்றிலும் காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி. தாழ் போகிறது, வருகிறது, எதையும் பிடிக்கவில்லை. பூட்டும் வேலை முழுவதையும் அடித்தாழே செய்துகொண்டிருந்தது.

தேய்மானத்தால் இப்படி ஆகியிருக்கலாமே என்று கேட்டேன். தேய்ந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாக இருக்கும். இதில் துளையின் உள்பக்கம் முழுவதும் அரம் போட்ட கீறல்கள் இன்னும் கூராக இருந்தன. மலிவான ஏற்றுமதிச் சரக்கில் இப்படி ஒப்புக்கு வைத்த குறுக்குத் தாழ் அரிதில்லை.

என் திட்டம் உடைந்தது இங்கேதான். ஒரு துப்பாக்கியில் ஓர் உறுப்பு இருக்கிறது என்பது ஒன்று. அது வேலை செய்கிறது என்பது வேறு. பெல்ஜியக்காரர் கிரீனரிடமிருந்து வாங்கியது பூட்டை இல்லை, பூட்டின் தோற்றத்தை. வாங்குகிறவர் கண்ணுக்கு அது போதும். மற்ற மூன்றையும் இதே கண்ணோடு மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான பர்மிங்ஹாம் பாக்ஸ்லாக் ஒன்று வேண்டும் என்றேன். பெரியவர் தன்னுடையதையே அடுத்த வாரம் கொண்டுவந்தார். பெரிய பெயர் ஏதும் இல்லாத, முதல் உலகப் போருக்கு முந்தைய ஒன்று. கரி பிடித்தால் அடித்தாழின் இரண்டு கடிகளும் (தாழ் பிடிக்கும் இடங்கள்) முழுவதும் பளிச்சிட்டன. மேல்நாக்கே இல்லை. லண்டன், பர்மிங்ஹாம் கைவினைஞர்களில் பலர் கிரீனரின் குறுக்குத் தாழை விரும்பவில்லை என்பது இதைக் கையில் எடுத்தபோது புரிந்தது. தோட்டா போடும் விரலுக்கு அந்த நாக்கு இடைஞ்சல். அடித்தாழைச் சரியாக இழைத்துவிட்டால் மேலே ஒன்று தேவையும் இல்லை.

பார்க்கரும் ஸ்மித்தும்

இந்த இரண்டுக்காக மட்டும் நான்கு சனிக்கிழமை செலவானது.

பார்க்கரில் அடித்தாழ் இருக்கிறது, மேல்நெம்புகோல் இருக்கிறது, தத்துவம் ஆங்கிலேயருடையது. ஆனால் உள்ளே திறந்தால் ஆன்சன்-டீலியின் எளிமை கிடையாது. குதிரைகளை ஏற்றும் ஏற்பாடு முழுவதும் அவர்களுடைய சொந்தச் சிந்தனை, உறுப்புகள் அதிகம். சார்லஸ் பார்க்கர் காப்பிக்கொட்டை அரைக்கும் மில்லும் பட்டறை வைஸும் செய்து வளர்ந்தவர். அந்தத் தொழிற்சாலைக்கு அச்சில் வார்த்து, இயந்திரத்தில் கடைந்து, ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் உறுப்பு செய்வது கைவந்த கலை. பர்மிங்ஹாமில் ஒருவர் லாக் இழைப்பார், ஒருவர் கட்டை பொருத்துவார், இன்னொருவர் குழல் குடைவார். உறுப்புகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பது அவர்களுக்கு லாபம். இயந்திரத்துக்கு அந்தக் கவலை குறைவு.

குழல்கள்தான் வேடிக்கை. இரும்பும் எஃகும் கலந்த கம்பிகளை முறுக்கி, உருளையில் சுற்றி, அடித்துப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழல்கள் அவை. அமெரிக்காவில் இதைச் செய்யும் தொழில் வளரவில்லை. பார்க்கர் போன்ற கம்பெனிகள் பெல்ஜியத்திலிருந்து முரட்டுக் குழாய்களாக வரவழைத்து, இங்கே குடைந்து முடித்துக்கொண்டன. லியேஜுக்குப் பக்கத்தில் வெஸ்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிராமம் கிராமமாக அந்த வேலை நடந்தது. ஆக, மேசையில் இருந்தவற்றில் 'முழு அமெரிக்கன்' என்று நான் எழுதிய துப்பாக்கியின் குழலும், 'ஆங்கிலத் துப்பாக்கி' என்று வந்ததன் குழலும் ஒரே வட்டாரத்துக் கொல்லுப்பட்டறைகளில் பிறந்தவை. அந்த அம்மையார் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவில் இருக்கிறது.

பார்க்கரின் குழலடியில் அரசு முத்திரை எதுவும் இல்லை. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை; அமெரிக்காவில் கட்டாயச் சோதனைச் சட்டம் கிடையாது. முத்திரை இல்லாமையே இங்கே ஓர் அடையாளம்.

அடுத்தது ஸ்மித். பக்கத்தகடுகளைக் கழற்றினால் குதிரையும் வில்லும் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்த அளவில் அது உண்மையான சைடுலாக். அமெரிக்காவில் பெரிய எண்ணிக்கையில் செய்த சைடுலாக் இதுதான். ஆனால் லண்டன் சைடுலாக்கில் குதிரை தவறி விழுந்தால் தடுக்க இரண்டாவது கொக்கி ஒன்று வைப்பது வழக்கம். இதில் அது இல்லை. லண்டன்காரர் தகட்டைப் பயன்படுத்தியது அந்தக் கூடுதல் கொக்கிக்கு இடம் வேண்டும் என்பதற்காகவும்தான். அந்தக் காரணத்தை விட்டுவிட்டுத் தகட்டை மட்டும் வைத்துக்கொண்டால் அதை லண்டன் வாரிசு என்று எப்படிச் சொல்வது? கைப்பிடி மரத்தில் தகட்டுக்காக இவ்வளவு குடைந்ததால், தகட்டின் பின்முனையில் மரம் கீறுவது இந்த ரகத்துக்குப் பேர்போன குறை என்று பெரியவர் சொன்னார்.

ஸ்மித்தின் உண்மையான சொத்து மேலே இருந்தது. அலெக்சாண்டர் பிரவுன் வடிவமைத்த சுழல் தாழ். (எல்.சி. ஸ்மித் என்ற லைமன் ஸ்மித் பிறகு துப்பாக்கித் தொழிலை ஃபுல்டன்காரர்களுக்கு விற்றுவிட்டுத் தட்டச்சுப் பொறிக்குப் போனார், அந்தத் தட்டச்சுப் பொறியையும் வடிவமைத்தவர் இதே பிரவுன்தான்.) நாக்கில் உள்ள துளைக்குள் தாழ் நேராக நுழையாமல் சுழன்று நுழைகிறது. தேயத் தேய இன்னும் கொஞ்சம் ஆழமாகச் சுழன்று போய் இறுக்கிக்கொள்ளும். புதிதாக வாங்கும்போது மேல்நெம்புகோல் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நிற்பது அதற்காகத்தான். தேய்மானத்துக்கு அந்த இடம் மிச்சம். எங்கள் ஸ்மித்தில் நெம்புகோல் இன்னும் ஒரு மயிரிழை வலப்பக்கமே நின்றது. கரி சோதனையில் தாழ் முழுவதும் பளிச்.

இங்கேதான் எனக்கு ஒரு பொதுவான இழை தெரிந்தது. சிரக்யூஸின் டேனியல் லெஃபீவர் கீலில் ஒரு பந்து முளையும் திருகும் வைத்தார். ஆட்டம் வந்தால் திருகை இறுக்கினால் போதும். பார்க்கர் 1910-இல் தாழ் கடிக்கும் இடத்தில் கழற்றி மாற்றக்கூடிய ஒரு சின்ன எஃகுத் துண்டைச் சேர்த்தது. பிரவுனுடைய சுழல் தாழ் தானே சரிசெய்துகொள்கிறது. மூன்றும் வேறு வேறு வடிவம், கேள்வி ஒன்றுதான்: தேய்ந்தால் யார் சரிசெய்வது?

பணக்கார ஆங்கில வேட்டைக்காரர் பருவம் முடிந்ததும் துப்பாக்கியைச் செய்தவரிடமே அனுப்பிவிடுவார். அவர்கள் பிரித்து, இறுக்கி, எண்ணெய் போட்டு அடுத்த ஆகஸ்டுக்குள் திருப்பித் தருவார்கள். நெப்ராஸ்காவில் தபாலில் வாங்கிய விவசாயிக்கு அந்த வசதி எங்கே? அவரிடமிருந்து மிக அருகில் இருக்கும் துப்பாக்கிக்காரரே இரண்டு நாள் பயணத் தொலைவில் இருப்பார். எனவே பழுதுபார்ப்பவரைத் துப்பாக்கிக்கு உள்ளேயே வைத்துவிட்டார்கள். 'எதைப் பார்த்துச் செய்தார்கள்' என்ற கேள்வியைவிட இந்தக் கேள்வி எனக்கு அதிகம் விளக்கியது.

கனத்திலும் இதே கதை. துப்பாக்கி தான் வீசும் ரவையைப் போல 96 மடங்கு கனக்க வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. பறவை வேட்டைக்கு ஆங்கிலேயர் பெரும்பாலும் ஒன்றேகால் அவுன்ஸ் ரவை போடுவதில்லை. ஒன்றேபதினாறில் ஒரு பங்கு அவுன்ஸ் போதும். கணக்குப் போட்டால் துப்பாக்கி ஏறத்தாழ 6.4 பவுண்டு. ஆட்கள் ஓட்டிவரும் பறவைகளை நோக்கி ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சுடுகிறவருக்கு அந்த லேசு தேவை. அமெரிக்க வாத்து வேட்டைக்காரருக்கு ஒன்றேகால் அவுன்ஸ் வேண்டும், துப்பாக்கி 7.5 பவுண்டு ஆகிவிடும். தராசில் வைத்தோம்: பர்மிங்ஹாம் ஆறரைக்குப் பக்கம், ஸ்மித் ஏழரையைத் தாண்டியது. பார்க்கரின் கட்டை குதிகாலில் 3 அங்குலம் இறங்கியிருந்தது, தலையை நிமிர்த்திச் சுடும் அந்தக் கால அமெரிக்கப் பழக்கத்துக்காக. பர்மிங்ஹாமில் 2 அங்குலம்தான்.

சூல் துப்பாக்கி: சுடலாமா?

ஜெர்மன் ஒன்றைப் பற்றிய வடிவமைப்பு ஆராய்ச்சி அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆன்சன்-டீலி பாக்ஸ்லாக், இரண்டு அடிக்கடிகள், அதற்கும் மேல் கிரீனரின் குறுக்குத் தாழ். கரி பிடித்தால் மூன்றும் பளிச். பர்மிங்ஹாமின் இரண்டு யோசனைகளையும் பர்மிங்ஹாமைவிட விசுவாசமாகக் கடைப்பிடித்தவர்கள் ஜெர்மானியர்கள் என்று சொன்னால் மிகையில்லை. குழலில் குருப் எஃகின் மூன்று வளையச் சின்னம்.

அதிக நேரம் பிடித்தது பேரனின் கேள்வி. அவர் ஏற்கெனவே கடையில் 16 போர் தோட்டா ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தார். போட்டுப் பார்த்தாராம், அழகாக உள்ளே போனதாம். ஆபத்தே அதுதான். குழலடியில் 65 என்ற எண் இருந்தது. தோட்டா அறை 65 மில்லிமீட்டர். அமெரிக்கக் கடைத் தோட்டா இரண்டேமுக்கால் அங்குலம், அதாவது 70 மில்லிமீட்டர். பெட்டியில் எழுதியிருப்பது சுட்டபின் விரிந்த நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் குட்டையாக இருக்கும், குட்டை அறையிலும் தடையில்லாமல் உட்காரும். சுட்டதும் மடிப்பு விரிந்து, அறைக்கு முன்னால் குழல் குறுகும் கூம்புக்குள் நீண்டு, ரவை போகும் வழியை நெருக்கும். அழுத்தம் ஏறும்.

இரண்டு வழி இருந்தது. அறையை ஐந்து மில்லிமீட்டர் நீட்டிக் குடைவது ஒன்று. குட்டைத் தோட்டா வாங்குவது மற்றொன்று. முதல் வழி மலிவு, பலரும் செய்கிறார்கள். பெரியவர் மறுத்துவிட்டார். குழல் சுவர் மிகவும் அழுத்தம் தாங்க வேண்டிய இடத்தில் இரும்பைச் சுரண்டுகிறோம். சூல் சோதனைச் சாலை தாங்கும் என்று சொன்னது 65-க்குத்தான், நாம் குடைந்த பிறகு அந்த முத்திரை யாருக்கும் வாக்குறுதி தராது என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. பேரன் குட்டைத் தோட்டா வரவழைக்க ஒப்புக்கொண்டார். வாங்கி வைத்த பெட்டி கடைக்குத் திரும்பிப் போனது.

மற்ற இரண்டு டமாஸ்கஸ் துப்பாக்கிகளையும் அளந்தோம். குழல் சுவர் குறைந்தது அரை மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் எல்லை. பெல்ஜியத் துப்பாக்கியில் இரண்டு இடங்களில் அதற்குக் கீழே, உள்ளே துருக்குழிகளும். பார்க்கர் அளவில் தேறியது. தாத்தா 1960கள் வரை இதில்தான் சுட்டார் என்று அம்மையார் சொன்னார். நல்ல டமாஸ்கஸ் குழல்கள் பிரிட்டனில் இன்றைக்கும் புகையில்லா மருந்துச் சோதனையைத் தாண்டுவது உண்மை. டமாஸ்கஸ் என்றாலே வெடிக்கும் என்ற பயம் மிகையானது என்பதுதான் என் கருத்தும். இருந்தாலும் இங்கே சோதித்து முத்திரை போடச் சாலை இல்லை. காட்சிக்கு வைக்கப்போகும் பொருளைச் சுட்டு நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டும் கண்ணாடிப் பெட்டிக்கே என்று தீர்மானித்தோம்.

அட்டையில் எதை எழுதுவது

ஜூன் மாதம் முழுவதும் வாக்குவாதம். காப்பாளருக்குக் குடும்ப மரம் போல ஒரு படம் வேண்டும். பார்வையாளர் நின்று படிப்பார்கள் என்றார். மரம் வரைந்தால் மறுபடியும் அதே தவறு என்றேன் நான். லெஃபோஷோ பாரிஸ், தாழ் லண்டன், பாக்ஸ்லாக் பர்மிங்ஹாம், குழல் வெஸ்டர், சுழல் தாழ் சிரக்யூஸ் என்று ஒரே துப்பாக்கிக்குள் நான்கைந்து ஊர் இருக்கும்போது எந்தக் கிளையில் தொங்கவிடுவது? கடைசியில் மரத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு துப்பாக்கியையும் திறந்த நிலையில் வைத்து, உறுப்பு உறுப்பாக நூல் இழுத்து ஊர்ப்பெயர் ஒட்டினோம்.

'சோக்', அதாவது குழல்வாயைச் சற்றுக் குறுக்கி ரவையை நெருக்கமாக அனுப்பும் முறை, அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று நான் எழுதியிருந்த வரியை அடித்தோம். நியூகாசிலின் பேப் 1866-இலும், அமெரிக்காவின் ரோப்பர் 1868-இலும் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். 1874-இல் அதைச் செம்மையாக்கிப் பரப்பியது கிரீனர். 'முதலில் யார்' என்பதை அட்டையில் தீர்ப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

மிகச் சங்கடமான வேலை, அம்மையாரிடம் சொல்வது. காப்பாளர் கடிதமாக அனுப்பலாம் என்றார். நேரில் வரச் சொல்லி, குழலைக் கவிழ்த்து முத்திரையைக் காட்டுவதுதான் மரியாதை என்று பெரியவர் பிடிவாதமாக இருந்தார். அவர் சொன்னபடியே செய்தோம்.

விளைவு

செப்டம்பரில் கண்காட்சி திறந்தது. நூல் இழுத்த துப்பாக்கிகளுக்கு முன் மக்கள் குனிந்து நின்றார்கள். அதிகம் கேட்கப்பட்ட கேள்வி பார்க்கரின் பெல்ஜியக் குழலைப் பற்றி. இரண்டு குடும்பங்கள் தங்கள் வீட்டிலும் ஒரு 'ஆங்கிலத் துப்பாக்கி' இருப்பதாகச் சொல்லிக் கொண்டுவந்தன. ஒன்றில் அதே நீள்வட்டம், தலையில் கிரீடத்தோடு. மற்றொன்று உண்மையிலேயே பர்மிங்ஹாம்.

காப்பீட்டுக்காகப் போட்டிருந்த மதிப்பு பெருமளவு குறைந்தது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று நினைத்து எழுதிய தொகை அது. குடும்பம் அதைப் பொருட்படுத்தவில்லை. பேரன் அந்த இலையுதிர் காலத்தில் குட்டைத் தோட்டாவோடு சூல் துப்பாக்கியை எடுத்துப் போனார். ஒரு பறவையும் கிடைக்கவில்லை என்று சொன்னார். துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுபடி செய்தால்

குழலைப் பிரித்து அடிப்பக்கத்தைப் படமெடுக்காமல் ஒரு வரிகூட எழுத மாட்டேன். பெயரும் செதுக்கலும் கடைசியாகப் பார்க்க வேண்டியவை. கரி சோதனையை முதல் நாளே செய்வேன். பத்து நிமிட வேலை, மூன்று வார வாதத்தை மிச்சப்படுத்தியிருக்கும். தோட்டா அறையையும் குழல் சுவரையும், யாரும் சுடப்போவதில்லை என்றாலும், வந்தவுடன் அளப்போம். பேரன் எங்களைக் கேட்காமல் சுட்டிருந்தால் என்று நினைத்தால் இன்னும் கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருக்கிறது. ஒப்பிடுவதற்கு உண்மையான பர்மிங்ஹாம் ஒன்றை ஆரம்பத்திலேயே பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பை அடையாளம் உறுதியாகும்வரை நிரப்பாமல் விட வேண்டும்.

ஒன்றை மட்டும் மாற்ற மாட்டேன். அம்மையார் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "பெல்ஜியம் என்றே எழுதுங்கள். ஆனால் நாங்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்பதையும் எழுதுங்கள்" என்றார். அட்டையின் முதல் வரி 'லியேஜ், பெல்ஜியம், 1890களின் தொடக்கம்'. இரண்டாவது வரி 'தாத்தாவின் ஆங்கிலத் துப்பாக்கி'.